ஆட்டத்தை நடத்துபவர் யார்? பாத்திரமேற்றல் விளையாட்டுப் பற்றி ஒரு விமர்சனம்

கலை இலக்கியம் பற்றி நம்மிடையே நடைபெறும் விவாதங்களில் விளையாட்டு என்பது பெரிதும் பொருட்படுத்தப்படுவதில்லை. நாவலையும் சிறுகதையையும் நாடகத்தையும் சமுதாயப் பார்வையோடு அணுகவேண்டும் என்பதில் உடன்படும் நண்பர்கள்கூட, இளைஞர் நான்கைந்து பேர் ஒரு மேசையைச் சுற்றி அமர்ந்து, பகடை உருட்டி, தம்மை வீரர்களாகவும் மந்திரவாதிகளாகவும் கற்பித்துக்கொண்டு மணிக்கணக்காகப் பேசுவதைக் கண்டால், நசிவுக் கலாசாரத்தின் இன்னொரு வடிவம் என்று ஒரே சொல்லில் தீர்ப்புக் கூறிவிடுகின்றனர். மறுபுறத்தில் இவ்விளையாட்டை வியப்போரும் உளர். ஆசிரியன் இல்லாத கதை, எல்லோரும் சமமாகப் படைக்கும் இலக்கியம், கற்பனையின் பூரண சுதந்திரம் என்றெல்லாம் அவர்கள் புகழ்வர். ஆட்டத்தில் என்ன நடக்கிறது என்பதை முதற் கூட்டத்தார் பார்ப்பதில்லை. அதனை யார் நடத்துகிறார் என்பதை இரண்டாங் கூட்டத்தார் பார்ப்பதில்லை. நாம் இங்கு இரண்டாவது கேள்வியையே முதன்மையாக எடுத்துக்கொள்கின்றோம். முதற் கேள்விக்கு விடையும் அதனுள்ளேயே அடங்கியிருக்கிறது.

இவ்விளையாட்டை அறியாத வாசகருக்காக அதன் அமைப்பைச் சுருக்கமாகக் கூறிவிடுவோம். ஆடுவோர் ஒவ்வொருவரும் ஒரு கற்பனைப் பாத்திரத்தை ஏற்றுக்கொள்கின்றனர். ஒருவர் மட்டும் தனியே இருந்து ஆட்டத்தை நடத்துகிறார். "மழை பெய்கிறது, எதிரே ஒரு கோட்டை வாயில், காவலன் ஒருவன் நிற்கிறான், என்ன செய்கிறீர்கள்?" என்று அவர் கேட்கிறார். ஆடுவோர் தத்தம் பாத்திரம் செய்வதைச் சொல்கின்றனர். அச்செயல் கைகூடுமா என்பது ஐயத்துக்கிடமானால் பகடை உருட்டப்படுகிறது. விளைவு என்ன என்பதை நடத்துபவர் அறிவிக்கிறார். அதன்மேல் அடுத்த செயல், அதன்மேல் இன்னொன்று என்று கதை வளர்கிறது. மேடை இல்லை, பார்வையாளரும் இல்லை. நேரிற் கூடாமல் எழுத்து மூலமாகவே ஆடும் குழுக்களும் உண்டு. அவற்றில் ஒருவர் எழுதிய பகுதிக்கு மற்றவர் எழுதும் பகுதி விடையாக அமைய, ஓர் ஆட்டம் மாதக்கணக்கில் நீளும். நமது கூத்து மரபில் அண்ணாவியாருக்குரிய இடத்தோடு இந்த நடத்துபவரை ஒப்பிடத் தோன்றலாம். ஆனால் அண்ணாவியாரின் கையில் ஏடு இருக்கிறது; ஊரார் முன்பே அறிந்த கதையும் இருக்கிறது. இங்கோ அடுத்த வசனம் என்ன என்பது நடத்துபவருக்கே தெரியாது.

மேலே கூறிய கோட்டைக் காவலனையே எடுத்துக்கொள்வோம். ஆடுவோருள் ஒருவர், "நான் அவனைத் தாக்கப்போவதில்லை. இந்த மழையில் நிற்பதற்கு உனக்கு என்ன கூலி கிடைக்கிறது என்று கேட்கிறேன்" என்று கூறுவதாக வைத்துக்கொள்வோம். அக்காவலன் எத்தனை அடி தாங்குவான், அவன் வாள் எவ்வளவு சேதம் விளைக்கும் என்பன விதிநூலில் எண்களாக உள்ளன. இக்கேள்விக்கு அவன் என்ன மறுமொழி சொல்வான் என்பது எந்த அட்டவணையிலும் இல்லை. நடத்துபவர் அக்கணத்திலேயே அதைச் சொல்லியாக வேண்டும். "அவன் பேசவில்லை, வாளை உருவுகிறான்" என்று சொன்னால், அந்த உலகத்தில் காவலன் என்பவன் வெட்டி வீழ்த்தப்பட வேண்டிய ஒரு தடை. "மூன்று மாதமாகக் கூலி வரவில்லை என்று முணுமுணுக்கிறான்" என்று சொன்னால், அதே காவலன் ஒரு வர்க்கத்தைச் சேர்ந்த மனிதனாகிவிடுகிறான். கோட்டைக்குள் இருப்பவன் யார், அவனுக்குச் செல்வம் எங்கிருந்து வந்தது என்ற கேள்விகள் அடுத்தடுத்து எழுகின்றன. இவ்விரு மறுமொழிகளுள் ஒன்றைத் தேர நடத்துபவருக்குக் கிடைக்கும் அவகாசம் ஒரு மூச்சு விடும் நேரமே. அந்நேரத்தில் அவர் ஆராய்ந்து தேர்கிறார் என்பதைக் காட்டிலும், அவருள் ஏலவே ஊறிக்கிடக்கும் சமுதாயப் பார்வை அவர் வாயாற் பேசுகிறது என்பதே பொருந்தும். நாவலாசிரியன் எழுதியதைத் திருத்தலாம், கிழித்தெறியலாம். இவருக்கு அந்த வசதி இல்லை. கருத்துநிலை இவ்வளவு அம்மணமாக வெளிப்படும் கலைவடிவம் வேறொன்று இருப்பதாக நமக்குத் தோன்றவில்லை.

நடத்துபவரின் இந்த ஆசனம் எங்கிருந்து வந்தது என்பது ஈண்டு நோக்கற்பாலது. அதன் பிறப்பிடம் படைமுகாம். 1812இல் வொன் றைஸ்விற்ஸ் என்பவர் பிரஷ்ய அரசன் மூன்றாம் பிரெடரிக் வில்லியத்துக்குப் போர்ப்பயிற்சிக்கான மேசை விளையாட்டொன்றைச் சமர்ப்பித்தார். அவர் மகன் அதனைச் செப்பஞ்செய்து 1824இல் விதிநூலாக வெளியிட்டார். அதில் இருதரப்பு அதிகாரிகளும் தம் கட்டளைகளை எழுதி நடுவரிடம் கொடுப்பர். யார் எதைக் காண்கிறார், எந்தப் படை எவ்வளவு அழிந்தது என்பவற்றை நடுவரே அறிவிப்பார். 1876இல் வெர்டி டு வெர்ணுவா என்ற பிரஷ்யப் படையதிகாரி விதிகளின் பாரத்தைக் குறைத்து, நடுவரின் அனுபவத்தையும் தீர்ப்பையும் முதன்மைப்படுத்தும் முறையொன்றை முன்வைத்தார். 1880இல் அமெரிக்க இராணுவ அதிகாரி சாள்ஸ் டொட்டன் 'ஸ்ட்ராட்டகோஸ்' என்ற நூலை எழுதினார். ஆடுபவர் எதையும் முயலலாம், அது கைகூடுமா என்பதை நடுவர் தீர்ப்பார் என்ற கொள்கையைப் பிற்காலத்தவர் இந்நூலிலிருந்தே பெற்றனர். படைத்தலைவனின் அறிவுக்கு மேல் ஓர் அறிவு, அவனுடைய அதிகாரத்துக்கு மேல் ஓர் அதிகாரம்: நடுவர் ஆசனத்தின் ஆதி இலட்சணம் இதுவே. (சோஷலிஸ்டான எச். ஜி. வெல்ஸ் பொம்மைப் போர்வீரர்களைத் தரையிற் பரப்பி ஆடும் முறை பற்றி 1913இல் ஒரு நூல் வெளியிட்டார். அடுத்த ஆண்டே உண்மைப் போர் வந்துவிட்டது.)

இந்த இராணுவப் பயிற்சி வேறொன்றாக மாறியது 1969இல். வியட்நாம் யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம். அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்தில், போர் விளையாட்டுப் பிரியர் சிலருக்காக டேவிட் வெஸ்லி என்ற இளைஞர் ஓர் ஆட்டத்தை ஏற்பாடு செய்தார். டொட்டனின் நூலைப் பல்கலைக்கழக நூலகத்தில் கண்டெடுத்தவர் அவர். நெப்போலிய யுத்தகாலத்தில் பிரௌன்ஸ்டைன் என்னும் கற்பனை ஜேர்மன் நகரம். இரு படைகள் அதனை நெருங்குகின்றன. வழக்கம்போற் படைகளை மட்டும் பங்கிடாமல், ஊரிலுள்ள வங்கி முதலாளி, பல்கலைக்கழகத் தலைவர் போன்றோரின் பாத்திரங்களையும் அவர் நண்பர்களுக்குக் கொடுத்தார். ஆட்டம் கட்டுக்கடங்காமற் போயிற்று. ஆடுவோர் தமக்குள் இரகசியம் பேசினர், பேரம் பேசினர், இருவர் தனிப்போருக்கே சவால் விட்டுக்கொண்டனர். தம் முயற்சி தோல்வி என்று வெஸ்லி கருதினார். ஆடியவர்களோ இன்னொரு முறை வேண்டும் என்றனர். படைநகர்வுக்கென ஏற்பட்ட ஆட்டத்தில் சமுதாயம் நுழைந்துவிட்டது. நுழைந்ததும் அதுவே ஆட்டமாகிவிட்டது.

இத்தொடரில் பின்னர் நடந்த ஆட்டமொன்றின் களம் லத்தீன் அமெரிக்கக் குடியரசு போன்ற ஒரு கற்பனை நாடு. அதில் டேவ் ஆர்னெசன் என்ற இளைஞருக்குக் கிடைத்தது புரட்சிகர மாணவனின் பாத்திரம். துண்டுப்பிரசுரம் விநியோகித்தால் அவருக்கு வெற்றிப்புள்ளி. அவரோ தம்மை மாறுவேடத்திலிருக்கும் சி.ஐ.ஏ. ஆள் என்று மற்றவர்களை நம்பவைத்து, நாட்டின் கருவூலத்தையே கையிற் பெற்று, ஹெலிகொப்டரில் ஏறித் தலைநகரின்மேல் துண்டுப்பிரசுரங்களைக் கொட்டிவிட்டுப் பறந்து போனாராம். எந்த விதியிலும் இதற்கு இடமில்லை. எந்த விதியும் இதனைத் தடுக்கவுமில்லை. நடுவர் இணங்கினார், ஆகவே நடந்தது. இக்கதையைச் சொல்லி மகிழ்வோர் அதிலுள்ள மற்றொரு செய்தியைக் கவனிப்பதில்லை. 1954இல் குவாத்தமாலாவில் மக்கள் தெரிந்தெடுத்த அரசைக் கவிழ்த்தது சி.ஐ.ஏ. 1964இல் பிறேசிலில் இராணுவம் ஆட்சியைக் கைப்பற்றியபோது வாஷிங்டனின் ஆதரவு அதற்கிருந்தது. அமெரிக்க இளைஞர் ஓய்வுநாளில் மேசைமீது ஆடிய நாடகத்தைத் தென்னமெரிக்க மாணவர் தெருவில் உயிர்கொடுத்து ஆடிக்கொண்டிருந்தனர். பிறேசிலுக்கு நாம் பின்னர் வருவோம்.

ஆர்னெசனின் கற்பனை அடுத்து ஒரு பழங்கோட்டையின் நிலவறைகளுக்குள் இறங்கியது. விஸ்கொன்சின் மாநிலத்து லேக் ஜெனீவாவைச் சேர்ந்த கரி கைகாக்ஸ் அவரோடு சேர்ந்தார். காப்புறுதிக் கம்பனியில் வேலையிழந்து சப்பாத்துத் திருத்திப் பிழைத்த மனிதர் கைகாக்ஸ். இருவர் பெயராலும் 1974 ஜனவரியில் 'டன்ஜன்ஸ் அன்ட் டிராகன்ஸ்' வெளிவந்தது. ஒரு பெட்டிக்குள் மூன்று சிறு கைநூல்கள். விலை 10 டொலர். முதற்பதிப்பு 1000 பிரதிகள். முழுமையான பாத்திரமேற்றல் விளையாட்டாக அச்சேறி விற்பனைக்கு வந்த முதல் நூல் இதுவே. தொழிலிழந்த ஒருவனின் வீட்டிலிருந்து புறப்பட்ட இப்படைப்பு உழைப்பவன் கண்கொண்டு உலகைப் பார்த்ததா? இல்லை. ஒரு படைப்பின் பார்வையைப் படைத்தவனின் வருமானத்தைக் கொண்டு அளக்க முற்படும் அவசர விமர்சகருக்கு இது நல்ல பாடம்.

அந்த உலகின் பொருளாதாரம் எளிமையானது. பாத்திரம் அனுபவப்புள்ளி பெற்று வளர்கிறது. கொன்ற எதிரிகளுக்கும் புள்ளி உண்டு. ஆனால் கவர்ந்து வந்த பொன்னே பெரும்பங்கைத் தருகிறது. ஒரு பொற்காசுக்கு ஒரு புள்ளி. கொலையைத் தவிர்த்துத் தந்திரத்தால் வெல்வதற்கு இவ்விதி ஊக்கமளித்தது என்று அதன் ஆதரவாளர் கூறுவர். அது உண்மையே. ஆயினும் மனிதனின் அகவளர்ச்சியும் அவன் கவர்ந்த பொருளும் ஒரே கணக்கேட்டில் எழுதப்படுகின்றன என்ற உண்மை அதனால் மறைந்துவிடாது. நிலவறையில் வாழ்பவை எவை? ஓர்க் முதலான இனங்கள். அவற்றின் ஒழுக்கம் பிறப்பிலேயே தீர்மானிக்கப்பட்டுவிட்டது. அவை தீயவை; ஆகவே அவற்றின் இருப்பிடத்துட் புகுவதும் பொருளைக் கவர்வதும் குற்றமாகா. அமெரிக்க எல்லைப்புறத்தின் வரலாறு வேறு உடையில் மீண்டும் வருகிறது என்று நாம் கூறினால், மிகையாகப் பேசுகிறோம் என்பார் உளர். தீயோரின் பிள்ளைகளையும் சரணடைந்தோரையும் தருமவீரன் கொல்லலாமா என்ற பழைய சர்ச்சை பற்றி 2005இல் வாசகர் வினவியபோது, கேர்ணல் சிவிங்டனின் பெயரோடு வழங்கும் கொடிய பழமொழியொன்றை ஆதாரமாகக் காட்டியவர் கைகாக்ஸே. 1864இல் கொலராடோவின் சாண்ட் கிறீக்கில் செயன், அரபஹோ மக்களைப் பெண்டிர் பிள்ளைகளென்றும் பாராது கொன்றொழித்த படையின் தலைவன் சிவிங்டன். ஒப்புமையை நாம் கற்பிக்கவில்லை.

1978இல் வந்த ஆட்டக்காரர் கைநூலில் பெண் பாத்திரங்களின் உடல் வலிமைக்கு ஆண்களுக்கில்லாத உச்சவரம்பு விதிக்கப்பட்டது. பறக்கும் நாகத்தை நம்பத்தக்கதாக்கிய கற்பனைக்குப் பலசாலியான பெண் எட்டவில்லை போலும். இத்தகைய விதிகள் பிற்காலப் பதிப்புக்களில் நீங்கின. 2020இல் வெளியீட்டாளர்கள் சில இனங்களைச் சித்திரித்த முறை தவறென்று ஒப்புக்கொண்டனர். 2024ஆம் ஆண்டுப் பதிப்பில் 'இனம்' என்ற சொல்லே நீக்கப்பட்டு, 'உயிரினவகை' என்ற பொருளுடைய சொல் இடம்பெற்றது. வரவேற்கத்தக்கதே. 1980களில் இவ்விளையாட்டை எதிர்த்து அமெரிக்க மதவாதிகள் பெருங்கூச்சலிட்டபோது அவர்களுடைய குற்றச்சாட்டு இதிற் பேய்வழிபாடு உண்டென்பது. நூலில் இல்லாத சாத்தானைக் கண்டவர்களின் கண்ணுக்கு நூலெங்கும் சிதறிக்கிடந்த பொற்காசு தெரியாமற்போனது வியப்பன்று. அது அவர்களது அன்றாட வழிபாட்டுப் பொருளல்லவா?

உள்ளடக்கம் இதுவாயின், நடத்துபவரின் ஆசனம் என்னவாயிற்று? 1979இல் கைகாக்ஸ் எழுதிய, நடத்துபவருக்கான வழிகாட்டி நூலை இதற்குச் சான்றாகக் கொள்ளலாம். உயிர்த்துடிப்பும் கற்பனை வளமும் நிறைந்த நூல் அது என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் அது கட்டியெழுப்பும் அதிகாரத்தைப் பாருங்கள். இந்நூல் நடத்துபவருக்கு மட்டுமே உரியது. இதனை வைத்திருக்கும் ஏனைய ஆட்டக்காரன் கௌரவமான மரணத்துக்குக்கூட அருகதையற்றவன் என்ற பொருள்பட முன்னுரை பேசுகிறது. தொல்லை தரும் ஆட்டக்காரரைத் தண்டிக்கும் வழிகளும் கூறப்படுகின்றன. வானத்திலிருந்து நீல மின்னல் விழுந்து அவருடைய பாத்திரத்தைத் தாக்கலாம். மேசையில் எழுந்த மனித முரண்பாட்டைக் கற்பனை உலகின் தெய்வ தண்டனையாக மாற்றிவிடும் இந்த உத்தி, கோவிலுக்கும் அரசுக்கும் இடையில் நெடுங்காலமாக நிலவிய உடன்படிக்கையை நினைவூட்டுகிறது. விதியை மறைத்துவைத்தல், தீர்ப்புக்குக் காரணம் கூறாமை, எதிர்ப்பவனை இயற்கையின் பெயரால் ஒடுக்குதல்: இவை இருக்கும்வரை "எல்லோரும் சேர்ந்து படைக்கும் கதை" என்ற பேச்சு வெறும் உபசாரமே.

படைப்பின் உடைமை பற்றியும் ஒரு வார்த்தை. ஆர்னெசன் தம் பெயருக்கும் பங்குப்பணத்துக்குமாக 1979இல் வழக்குத் தொடர்ந்தார். 1981இல் அது இணக்கமாக முடிந்தது. வெளியீட்டு நிறுவனத்தை 1997இல் 'விசர்ட்ஸ் ஒவ் த கோஸ்ட்' கம்பனியும், அக்கம்பனியை 1999இல் பொம்மை உற்பத்தி நிறுவனமான ஹஸ்ப்ரோவும் வாங்கின. 2000இல் வழங்கப்பட்ட திறந்த உரிமத்தை நம்பி எத்தனையோ சிறு எழுத்தாளர் தம் ஆட்டநூல்களை வெளியிட்டு வந்தனர். 2023 ஜனவரியில் அவ்வுரிமத்தை மாற்றும் வரைவொன்று கசிந்தது. ஆண்டுக்கு 750,000 டொலருக்கு மேல் ஈட்டுவோர் பங்கு செலுத்தவேண்டும், பிறர் படைப்பைப் பயன்படுத்தும் உரிமை கம்பனிக்கு உண்டு என்பன அதன் கூறுகள். ஆடுவோர் திரண்டெழுந்தனர், கம்பனியின் இணையச் சந்தாவைக் கைவிடும் இயக்கம் பரவியது. அதே மாதம் 27ஆம் திகதி கம்பனி பின்வாங்கி, அடிப்படை விதிகளை எவரும் கையாளத்தக்க பொது உரிமத்தின் கீழ் வெளியிட்டது. கூட்டாகப் படைப்போர் கூட்டாகவே எதிர்த்து வென்றனர். இவ்வெற்றியை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. எனினும் மேசையைச் சுற்றி நிலவும் அதிகாரம் பற்றி அப்போராட்டம் ஒன்றும் பேசவில்லை.

அதனைப் பேசியவர் ஒருவர் பிறேசிலில் இருந்தார். நாடக ஆசிரியர் அகஸ்தோ போவால் 1971இல் இராணுவ ஆட்சியினராற் கைதுசெய்யப்பட்டுச் சித்திரவதைக்குள்ளாகி, பின்னர் நாட்டைவிட்டு வெளியேறினார். 1973இல் பெரு நாட்டின் எழுத்தறிவு இயக்கத்திற் பணியாற்றினார். அங்கு, கணவனால் ஏமாற்றப்பட்ட எழுத்தறியாப் பெண்ணின் கதையை நடிகர் ஆட, அவள் இனிச் செய்யவேண்டியது யாது என்று பார்வையாளரிடம் கேட்கப்பட்டது. பார்வையாளருள் ஒரு பெண் சொன்ன ஆலோசனையை நடிகர் எத்தனை முறை நடித்தும் அவளுக்குத் திருப்தியில்லை. ஈற்றில் அவளே மேடையேறித் துடைப்பத்தைக் கையிலெடுத்துக் 'கணவனை'ப் புடைத்துத் தன் கருத்தை விளக்கினாள் என்று போவால் எழுதுகிறார். அவரது 'ஒடுக்கப்பட்டோர் அரங்கு' நூல் ஆர்ஜென்டீனாவில் வெளிவந்தது 1974இல். லேக் ஜெனீவாவிலிருந்து அந்தப் பெட்டி வெளிவந்ததும் அதே ஆண்டு. பார்ப்பவன், நடிப்பவன் என்ற சுவரை இரண்டும் ஒரே காலத்தில், ஒன்றையொன்று அறியாமலே தகர்த்தன.

போவாலின் அரங்கிலும் நடத்துபவர் ஒருவர் உண்டு. சீட்டுக்கட்டில் எந்தச் சாதிக்கும் உரியதல்லாத சீட்டின் பெயரால் அவரை 'ஜோக்கர்' என்பர். ஒடுக்கப்பட்ட பாத்திரத்தின் இடத்தில் பார்வையாளர் ஒருவர் ஏறிநின்று புதிய வழியொன்றைக் காட்டும்போது, அது நடக்கக்கூடியதா என்று தீர்ப்பவர் ஜோக்கர் அல்லர். அவர் சபையை நோக்கிக் கேட்கவேண்டும். உண்மை வாழ்வில் இயலாத தீர்வு முன்வைக்கப்பட்டால் அதற்கு அவர்கள் இட்டிருக்கும் பெயர் 'மந்திரம்'. வேலைநிறுத்தத்தை முதலாளி புன்முறுவலோடு ஏற்றுக்கொண்டால் அது மந்திரம். தோட்டாக்கள் இலக்குத் தவறினால் அதுவும் மந்திரம். அதனைச் சுட்டிக்காட்டி நிறுத்தும் உரிமை சபைக்கு உண்டு. அமெரிக்க ஆட்டத்தில் மந்திரம் என்பது நூலில் அச்சிட்டு விலைக்கு விற்கப்படும் ஆற்றல். போவாலிடத்தில் அது சபை கண்டுபிடிக்கவேண்டிய பொய். இரு வடிவங்களின் வேறுபாட்டை இந்த ஒரு சொல்லிலேயே காணலாம். இதனாற் கற்பனை நாகங்களைத் துரத்திவிட வேண்டும் என்று நாம் வாதிப்பதாக எவரும் கொள்ளவேண்டியதில்லை. அற்புதம் மக்கள் கதைகளிலெல்லாம் உண்டு. காவலனின் கூலி பற்றிய கேள்விக்கு விடையாக அற்புதம் வந்து நிற்கும்போதே அது பொய்யாகிறது.

அப்படியாயின் நடத்துபவர் தம் அதிகாரத்தைத் துறந்துவிட்டாற் போதுமா? இக்கேள்விக்கு வரலாற்றில் ஒரு பரிசோதனையே நடந்திருக்கிறது. 1990இல் கலிபோர்னியாவிலுள்ள சேரொக்ஸ் ஆய்வுக்கூடத்தில் பாவெல் கேர்ட்டிஸ் என்பவர் கணினிவழி பலர் ஒருங்கே எழுதி வாழத்தக்க, முற்றும் சொற்களாலான ஒரு மாளிகையை அமைத்தார். லாம்டாமூ என்பது அதன் பெயர். அதனை நிர்வகித்தோருக்கு வழங்கிய பட்டம் 'மந்திரவாதிகள்'. வழக்குகளைத் தீர்த்துச் சலித்த இவர்கள் 1992 டிசம்பரில், இனித் தாம் வெறும் தொழில்நுட்பப் பணியாளரே, சமூக விவகாரங்களைக் குடிகளே தீர்த்துக்கொள்ளட்டும் என்று அறிவித்து விலகினர். சில மாதங்களில், 1993 மார்ச்சில், ஒருவன் அங்கிருந்த பொது அறையில் மற்றவர் பாத்திரங்கள்மேல் பாலியல் வன்முறையை எழுத்தில் நிகழ்த்தினான். எழுத்துத்தானே என்று அதனைப் பாதிக்கப்பட்டோராற் கடந்துபோக இயலவில்லை. குடிகள் கூடி நெடுநேரம் விவாதித்தனர். தீர்மானிக்கும் முறையோ, தீர்மானத்தை நிறைவேற்றும் ஆற்றலோ அவர்களிடம் இருக்கவில்லை. ஈற்றில் மந்திரவாதி ஒருவர் தன்னிச்சையாக அவனை அகற்றினார். இதன்பின் மனுவும் வாக்கெடுப்பும் கொண்ட ஏற்பாடு கொண்டுவரப்பட்டது. ஆயினும் 1996இல், தொழில்நுட்ப முடிவையும் சமூக முடிவையும் பிரிக்க இயலாது என்று கூறி மந்திரவாதிகள் மீண்டும் அதிகாரத்தை ஏற்றனர்.

இதிலிருந்து மக்களாட்சி சாத்தியமில்லை என்று முடிவுகட்டுவோர் உளர். நமக்குத் தோன்றுவது வேறு. கருவி ஒருவர் கையிலும் பொறுப்பு மற்றொருவர் தலையிலும் இருந்தமையே அங்குக் கண்ட தோல்வி. குடிகளிடம் விவாதத்தை ஒப்படைத்தனர், சாவியை ஒப்படைக்கவில்லை. ஆட்டத்தை நடத்துபவர் "நீங்களே சொல்லுங்கள்" என்று கைகழுவுவதும், நீல மின்னலை ஏவுவதும் ஒன்றுக்கொன்று தூரமானவையல்ல. பகடையை வெளிப்படையாக உருட்டுதல், தீர்ப்பின் காரணத்தைச் சொல்லுதல், எந்தப் பொருளைத் தொடலாம் எதனைத் தொடலாகாது என்பதை ஆட்டம் தொடங்குமுன் எல்லோரும் கூடி முடிவுசெய்தல், ஆசனத்தை முறைமாற்றி அமர்தல் ஆகியவற்றைச் சிறு உபாயங்கள் எனச் சிலர் இகழ்வர். வகுப்பறையில் இவ்வாட்டத்தைப் பரீட்சித்துப் பார்க்க விரும்பும் ஆசிரிய நண்பர் இவற்றையே முதலிற் கவனிக்கவேண்டும். ஆசிரியரின் மேசையும் நடுவரின் மேசையும் ஒன்றாகிவிடும் இடத்தில், காவலனின் கூலி பற்றிக் கேட்கும் மாணவனுக்கு இரட்டிப்புத் துணிவு வேண்டியிருக்கும்.

புதிய முயற்சிகளுள் இரண்டு குறிப்பிடத்தக்கன. ஒன்று, பின்லாந்தினரும் பலஸ்தீனரும் இணைந்து 2013இல் பின்லாந்தில் நடத்திய 'ஹாலத் ஹிசார்'. முற்றுகை நிலை என்பது அப்பெயரின் பொருள். பலஸ்தீனத்தின் நிலைமையைப் பின்லாந்தின்மேல் ஏற்றி, அந்நியப் படைகளின் ஆக்கிரமிப்பிலுள்ள ஒரு பின்லாந்தைக் கற்பித்து, அங்குள்ள பல்கலைக்கழகமொன்றின் மாணவராகவும் ஆசிரியராகவும் பங்குபற்றுவோரை நாட்கணக்கில் வாழச்செய்த ஆட்டம் அது. பிறர் துன்பத்தைச் சுவைத்துப்பார்க்கும் சுற்றுலா என்ற ஆட்சேபம் இதற்கு உண்டு. அதனை எளிதில் ஒதுக்கிவிட முடியாது. ஆனால் ஆட்டத்தை அமைக்கும் ஆசனத்தில் பலஸ்தீனரும் அமர்ந்திருந்தனர். தம் நிலைமையைப் பிறர் விளையாட்டாக்கப் பார்த்திருந்தோர் அல்லர் அவர்கள். ஆட்சேபத்தின் கூர்மை இதனாற் பெரிதும் மழுங்குகிறது.

மற்றது, லியம் லிவானக் பேர்க் உருவாக்கி 2013இல் வெளிவந்த 'டோக் ஈற் டோக்'. பசிபிக் தீவொன்றின் மக்களும் அவர்களை ஆளவந்த ஏகாதிபத்தியமும் இதன் பாத்திரங்கள். ஆளவந்தோரின் பங்கை ஒருவர் மட்டும் ஏற்கிறார். ஏனையோர் தீவின் மக்கள். சுதேசிகள் தாழ்ந்தவர்கள் என்பது ஆட்டத்தின் முதல் விதியாக எழுதிவைக்கப்படுகிறது. ஒவ்வொரு காட்சியின் முடிவிலும் மக்கள் விதிகளுக்கு அடங்கினார்களா என்று பார்க்கப்படும். அக்காட்சி அவர்களுக்குக் கற்பித்த பாடம் புதிய விதியாகப் பட்டியலிற் சேரும். மறைந்துகிடந்த விதிநூல் இங்கு மேசைமீது எல்லோர் கண்முன்னும் வளர்கிறது. இதன் நடை சற்று வரட்சியானது என்பதும், போராட்டத்தின் நீண்ட வரலாற்றை ஒரு மாலைப்பொழுதிற் சுருக்கிவிடுகிறது என்பதும் நம் குறை. ஆனால் ஆளவந்தோரின் ஆசனத்தில் யார் அமர்வது என்பதற்கு இந்நூல் கூறும் விடையைப் போல் நேர்மையான ஒன்றை இவ்விளையாட்டுக்களின் வரலாற்றில் நாம் காணவில்லை. மேசையைச் சுற்றி அமர்ந்திருப்போருள் உண்மை வாழ்வில் யார் மிகுந்த செல்வம் உடையவரோ, அவரே அதில் அமரவேண்டும். நண்பர்கள் தம்முள் அதனைத் தீர்மானிக்க முற்படும்போது எழும் தயக்கம், சிரிப்பு, மழுப்பல், ஒருவர் இன்னொருவரின் வீட்டையும் தகப்பனின் உத்தியோகத்தையும் மனத்துள் எடைபோடும் அந்தச் சில நிமிடங்கள் ஆகியவற்றையும் ஆட்டத்தின் பகுதியாகவே கொள்ளவேண்டும் என்பது நமது கருத்து.